குழந்தைகள் கால்பந்து அணிக்குப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவிலோ பள்ளியிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கப் பொறுப்பேற்றவர்களும், அவர்களிடம் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் 6 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கானவை. தமிழ்நாட்டு மைதானத்தையும் வெயிலையும் மனதில் வைத்து எழுதியவை.

எந்த வயதில் சேர்க்கலாம்?

5 வயதில் மைதானத்துக்கு வரலாம். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்க இன்னும் இரண்டு வருடம் போகட்டும். 5, 6 வயதில் பந்தோடு ஓடுவது, நிற்பது, திரும்புவது, விழுந்து எழுவது போதும். வாரம் ஒன்று அல்லது இரண்டு நாள், 45 நிமிடம். 10, 11 வயதில்தான் முதன்முதலாகப் பந்தைத் தொடுகிறவனும் தாமதமாக வந்தவன் இல்லை. தெருவில் ஓடிப்பிடித்து ஆடி வளர்ந்திருந்தால் உடம்பு தயாராக இருக்கும், பந்து சீக்கிரம் பழகிவிடும்.

எட்டு வயதுப் பசங்களை 11 பேராக இறக்கலாமா?

வேண்டாம். பெரிய மைதானத்தில் 22 பேர் ஓடினால் பந்து எப்போதும் உடம்பில் பெரிய நாலைந்து பேரிடம்தான் இருக்கும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பல வருடங்களாகப் பின்பற்றிவந்த அளவுகள் நம் ஊருக்கும் பொருந்தும். 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு அணிக்கு 5 பேர், மைதானம் சுமார் 37 மீட்டருக்கு 27 மீட்டர். 10 வயது வரை 7 பேர், 55க்கு 37. 12 வயது வரை 9 பேர், 73க்கு 46. அதற்குப் பிறகுதான் 11. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், மிகச் சிறிய பிள்ளைகளை இரண்டு பேர், மூன்று பேர் அணிகளாக நாலு குட்டி கோல்களில் ஆடவிடும் முறையை 2024-25 பருவத்திலிருந்து நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது.

கோல் கம்பத்தையும் கவனியுங்கள். பெரியவர்களின் கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். நாலடிப் பிள்ளையை அதில் கோலியாக (கோல்கீப்பராக) நிறுத்தினால் உயரத் தூக்கி அடிக்கிற எதுவும் உள்ளே போகும். ஒரே மாதத்தில் அணி முழுவதும் தூக்கி அடிக்கவே பழகிவிடும், பாஸ் செத்துவிடும். 5 பேர், 7 பேர் ஆட்டத்துக்கு 12 அடிக்கு 6 அடி கோல் போதும். கம்பம் இல்லையென்றால் கோன் வையுங்கள். செங்கல்லும் கருங்கல்லும் வேண்டாம், சறுக்கி விழுகிறவன் தலை அதில்தான் இடிக்கும்.

தூக்கி வைக்கிற இரும்பு கோல் இருந்தால், பின் சட்டத்தில் மணல் மூட்டை ஏற்றாமல் அல்லது தரையில் முளை அடிக்காமல் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். குறுக்குக் கம்பியில் தொங்கி, கோல் முன்பக்கம் கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

எந்தப் பந்து?

8 வயதுக்குக் கீழே 3ஆம் நம்பர், 8 முதல் 12 வரை 4ஆம் நம்பர், 13 முதல் 5ஆம் நம்பர். நம்பர் பந்தின் மேலேயே அச்சிட்டிருக்கும். கடைக்காரர் 5ஆம் நம்பரைத்தான் முதலில் எடுத்துப் போடுவார், அதிகம் விற்பது அதுதான். 5ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம். 7 வயதுக் காலுக்கு அது கனம். கனமான பந்தைத் தள்ள, பிள்ளை கால் நுனியால் குத்தப் பழகும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற வருடக் கணக்கில் ஆகும்.

காற்றை முழுக்க ஏற்ற வேண்டாம். நம் மைதானங்கள் பெரும்பாலும் இறுகிய மண் தரை. காற்று முட்ட அடித்த பந்து அதில் முழங்காலுக்கு மேல் துள்ளும், நிறுத்தவே முடியாது. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்க வேண்டும். பம்ப் ஊசியை எச்சில் தொட்டோ தண்ணீரில் நனைத்தோ செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும், பந்து வாரத்துக்கு ஒருமுறை சாகும்.

வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

ஆளுக்கொரு பந்து. காசை முதலில் இதில் போடுங்கள். பிறகு தட்டைக் கோன் 30, அணி பிரித்துக் காட்ட மேலே மாட்டும் பிப் இரண்டு நிறத்தில், பம்ப், இரண்டு உபரி ஊசி, விசில், ஐஸ் வைக்க ஒரு பெட்டி, முதலுதவிப் பை. தரையில் விரிக்கும் ஏணி, இடுப்பில் கட்டி ஓடும் பாராசூட், தடைக்கம்பி எல்லாம் படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஷூவுக்கு அவசரப்பட வேண்டாம். மண் தரையில் உயரமான ஸ்டட் வைத்த பூட் குதிகாலையும் முழங்காலையும் வாட்டும். குட்டைக் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ அல்லது சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். ஆட்டமென்றால் ஷின்கார்டு (முன்னங்கால் கவசம்) கட்டாயம்.

ஒரு மணி நேரப் பயிற்சியை எப்படி நடத்துவது?

8 முதல் 10 வயதில் 12 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

வந்தவுடனே ஆட்டம், 10 நிமிடம். முதலில் வந்த நாலு பேர் இரண்டுக்கு இரண்டு ஆடட்டும், வர வர அடுத்தவர்கள் சேர்ந்துகொள்ளட்டும். எல்லாரும் வரும்வரை உட்கார வைத்தால், சீக்கிரம் வந்தவனுக்கு அது தண்டனை.

அடுத்து 15 நிமிடம் வாசல் ஆட்டம். 25 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம். உள்ளே அங்கங்கே இரண்டிரண்டு கோன் வைத்து 8 வாசல், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலம். ஆளுக்கொரு பந்து. 45 விநாடியில் எத்தனை வாசல் வழியாகப் பந்தை ஓட்டிப் போகிறோம் என்று அவரவரே எண்ண வேண்டும், ஒரே வாசலில் அடுத்தடுத்துப் போகக் கூடாது. இரண்டாம் சுற்று பழக்கமில்லாத கால் மட்டும். மூன்றாம் சுற்றில் மூன்று பேர் பந்தில்லாமல் வாசலை அடைக்கிற காவலர்கள். பாடம் இந்த மூன்றாம் சுற்றில்தான் இருக்கிறது. எந்த வாசல் அடைபட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பிள்ளை தலை நிமிர்ந்தே ஆக வேண்டும். நீங்கள் ஓரத்தில் நின்று ‘தலையத் தூக்கு, தலையத் தூக்கு’ என்று கத்த வேண்டிய வேலை இல்லை.

தண்ணீர். பிறகு 15 நிமிடம் மூன்றுக்கு மூன்று, இரண்டு கட்டங்களில் ஒரே நேரத்தில். கட்டம் 20க்கு 15 மீட்டர், கோலி கிடையாது. இரு முனையிலும் மூலைக்கு ஒன்றாக இரண்டு குட்டி கோல். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திருப்ப வேண்டும் என்பதை அந்த இரண்டு கோல்களே கற்றுக்கொடுத்துவிடும். கடைசி 20 நிமிடம் ஆறுக்கு ஆறு மேட்ச். அதில் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு பாருங்கள்.

எங்கே சறுக்கும்? கட்டத்தின் அளவில். பந்து எப்போதும் வெளியே போய்க்கொண்டிருந்தால் கட்டம் சிறியது, ஆளுக்கு ஆள் நெருங்கவே இல்லையென்றால் பெரியது. கோனை இரண்டு எட்டு நகர்த்துங்கள், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆள் ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சுகிறவனை ஓரத்தில் நிறுத்தாமல் பொது ஆளாக்குங்கள், பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு அவன் ஆடுவான். இன்னொன்று, விளக்கம் நீள்வது. 30 விநாடிக்கு மேல் பேசினால் 8 வயதுப் பிள்ளையின் காது மூடிவிடும். ஒருமுறை செய்து காட்டுங்கள், தொடங்குங்கள், தப்பு வந்த இடத்தில் திருத்துங்கள்.

வரிசையில் நின்று ஒவ்வொருவராக கோலுக்கு அடிப்பது நல்ல பயிற்சிதானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் வரிசை, ஒருவர் அடித்து முடிக்க 10 விநாடி. ஒருவனுடைய முறை மீண்டும் வர 2 நிமிடம். 15 நிமிடத்தில் ஏழு அடி. மீதி நேரம் முன்னால் நிற்பவன் முதுகில் மண் போடுவான். அதே 15 நிமிடத்தில் மூன்றுக்கு மூன்று ஆடினால் அடியும் அதிகம், அதை ஒருவன் தடுக்க வருகிற நெருக்கடியும் கூடவே கிடைக்கும். ஷூட்டிங் சொல்லித்தரத்தான் வேண்டுமென்றால் நாலு பேருக்கு ஒரு கோல் என்று பிரியுங்கள்.

ஸ்டாமினாவுக்கு கிரவுண்டைச் சுற்றி ஓட விடலாமா?

12 வயதுக்குள் தேவையில்லை. சின்ன ஆட்டங்களிலேயே போதுமான ஓட்டம் இருக்கிறது. தப்பு செய்தவனுக்குத் தண்டனையாக ‘அஞ்சு ரவுண்டு ஓடு’ என்பது அதைவிட மோசம். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, மேட்சில் அவன் விரும்பி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பதில் காயம் குறைக்கும் வார்ம்-அப் செய்யுங்கள். ஃபிஃபாவின் ‘11+ கிட்ஸ்’ 7 முதல் 13 வயதுக்கென்றே உருவாக்கியது. ஏழு பயிற்சிகள், 15 முதல் 20 நிமிடம்: ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பிடித்து எறிவது, பக்கவாட்டில் தாவுவது, தோள் உருட்டி விழுவது போன்றவை. நாலு ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்வில் காயங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்தால்தான் பலன்.

பந்து எங்கே போனாலும் ஈ மொய்ப்பது போல எல்லாரும் அதன் பின்னால் ஓடுகிறார்களே?

6, 7 வயதில் அப்படித்தான் ஓடுவார்கள். பந்து ஒன்று, ஆசை எல்லாருக்கும். ‘பொசிஷன்ல நில்லு’ என்று கத்தினால், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மட்டும் நிற்கும், அதற்குப் பந்தே கிடைக்காது. ஆளைக் குறைத்து, கோலைக் கூட்டுங்கள். மூன்றுக்கு மூன்றில் மொய்க்க ஆள் இருக்காது. 8, 9 வயதில் மைதானத்தை நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிரித்து, நம்மிடம் பந்து இருக்கும்போது மூன்று பட்டையிலும் ஓர் ஆளாவது இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி சொல்லுங்கள். யார் எங்கே என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

பாஸ் சரியாகப் போவதில்லை. எதைத் திருத்துவது?

முதலில் ஊன்றும் காலைப் பாருங்கள், அடிக்கும் காலை அப்புறம் பார்க்கலாம். ஊன்றுகிற கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, விரல்கள் பாஸ் போக வேண்டிய திசையை நோக்கி இருக்க வேண்டும். பந்துக்குப் பின்னால் ஊன்றினால் பந்து எழும்பும். மிக நெருங்கி ஊன்றினால் கால் சிக்கும். அடுத்தது கணுக்கால். பாதத்தின் உட்பக்கத்தைத் திருப்பி, விரல்களைச் சற்று மேலே தூக்கி, கணுக்காலை விறைப்பாக்க வேண்டும். தொளதொளவென்று விட்டால் பந்து பாதிவழியில் செத்துவிடும். சரியாகப் பட்டதா என்பதைச் சத்தமே சொல்லும். உட்பாதம் முழுதாகப் பட்டால் ‘தப்’பென்று ஒற்றைச் சத்தம் கேட்கும்.

வாங்குகிறவனிடம்தான் பெரும்பாலும் உண்மையான கோளாறு. பந்து வரும் திசைக்கு நேராக மார்பைக் காட்டி நின்றால், வாங்கியபின் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. உடம்பைப் பாதி திருப்பி நின்று, தூரத்துக் காலால் வாங்கினால் முன்னால் உள்ள மைதானம் முழுவதும் தெரியும். பந்து வருவதற்கு முன் ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்ப்பதையும் இதோடு சேருங்கள். பழக்க ஒரு வழி: வாங்குகிறவனுக்குப் பின்னால் ஒருவர் நின்று விரல்களைக் காட்ட வேண்டும். பந்து வந்து சேருமுன் எத்தனை விரல் என்று வாங்குகிறவன் சொல்ல வேண்டும்.

இடது கால் வரவில்லை என்பவர்களுக்கு: தினமும் வீட்டுச் சுவரில் 5 நிமிடம், அந்தக் காலால் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் தூங்காத நேரமாகப் பார்த்து.

ஹெட் சொல்லிக்கொடுக்கலாமா?

11 வயதுக்குள் வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் 10 வயது வரையிலானவர்கள் தலையால் ஆடுவதையே நிறுத்தியது. 11 முதல் 13 வயதுக்குப் பயிற்சியில் அளவு வைத்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2020இல் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் ஹெட் கூடாது என்றன. பிறகு தொடங்கும்போதும் காற்று குறைந்த லேசான பந்தில், கையால் தூக்கிப் போட்டு, ஐந்தாறு முறையோடு நிறுத்துங்கள். நெற்றியில் பட வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும்.

தலையோடு தலை மோதிக்கொண்டால் அன்று அவர்கள் ஆட்டம் முடிந்தது. வாந்தி, தலைச்சுற்றல், கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது இவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரி. டாக்டர் சொல்லாமல் மறுபடி இறக்காதீர்கள், ஃபைனலாக இருந்தாலும்.

கோலி யார்?

10 வயது வரை எல்லாரும். குண்டாக இருப்பவனை, ஓட மாட்டாதவனை, புதிதாக வந்தவனைக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம். அதை விடுங்கள். பாதி ஆட்டத்துக்கு ஒருவர் என்று சுற்றில் விட்டால், யாருக்கு உண்மையில் அது பிடிக்கிறது என்று தானாகத் தெரியும். விழுவதை மண்டியிட்ட நிலையிலிருந்து, மணலில் அல்லது புல்லில் தொடங்குங்கள். முதலில் தொடை, பிறகு இடுப்பின் பக்கவாட்டு, கடைசியில் தோள் தரையில் பட வேண்டும். முழங்கையை ஊன்றி விழுகிற பிள்ளையை உடனே நிறுத்தித் திருத்துங்கள், மணிக்கட்டும் முழங்கையும் அப்படித்தான் முறிகின்றன.

எல்லாருக்கும் சமமாக வாய்ப்புத் தர வேண்டுமா? தோற்றுவிடுவோமே?

12 வயது வரை தர வேண்டும். தோற்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து யாரும் ஃபுட்பால் கற்றதில்லை.

கணக்கு எளிது. 10 பேர் கொண்ட அணி, 7 பேர் ஆட்டம், 40 நிமிடம். மொத்தம் 280 நிமிடம், ஆளுக்கு 28. ஆட்டத்தை 10 நிமிடம் வீதம் நாலு பாகமாகப் பிரித்தால் 28 இடங்கள் வரும். எட்டுப் பேர் மூன்று பாகமும், இரண்டு பேர் இரண்டு பாகமும் ஆடுவார்கள். அடுத்த மேட்சில் அந்த இரண்டு பேருக்கு மூன்று. முதல் நாளே தாளில் எழுதி, பெற்றோர் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுங்கள், பாதிச் சண்டை அதோடு முடியும். டோர்னமெண்ட் ஃபைனலில் தாளைக் கிழிக்கத் தோன்றும். கிழித்தால் அடுத்த மாதம் அணியில் 7 பேர்தான் மிஞ்சுவார்கள்.

0-9 என்று தோற்றால் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

அப்போது ஒன்றும் வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், அடுத்த பயிற்சி எப்போது என்று சொல்லுங்கள். நாலு கோல் வித்தியாசம் வந்தால் பின்தங்கிய அணி ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கலாம் என்று எதிரணிக் கோச்சிடம் ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள். ஜெயிக்கிற அணிக்கும் அதில் லாபம், ஓர் ஆள் குறைவாக ஆடத் தெரிந்துகொள்வார்கள்.

பிள்ளை முன்னேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோல் எண்ணிக்கையை வைத்துத் தெரியாது. 9 வயதில் 20 கோல் அடிக்கிறவன் பெரும்பாலும் மற்றவர்களைவிட வேகமாக ஓடுகிறவன், அவ்வளவுதான். வேகத்தில் மற்றவர்கள் 14 வயதில் அவனை எட்டிப் பிடிக்கும்போது கையில் வேறு சரக்கு இருக்க வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒரு மேட்சுக்கு இரண்டே பிள்ளைகள், ஒவ்வொருவரையும் 5 நிமிடம் மட்டும், பந்து எங்கே இருந்தாலும் அந்தப் பிள்ளையை மட்டும் பாருங்கள். கவனிக்க வேண்டியவை: பந்து வருமுன் சுற்றிப் பார்த்தானா? முதல் டச் காலடியிலேயே செத்ததா, காலியான பக்கம் போனதா? பந்தை இழந்த அடுத்த 5 விநாடி என்ன செய்தான்: கையை விரித்தபடி நின்றானா, திரும்ப ஓடினானா? பழக்கமில்லாத காலை ஒருமுறையாவது எடுத்தானா? பயமில்லாமல் ஒருவனைத் தாண்டிப்போக முயன்றானா? வெற்றி தோல்வியைக் குறிக்க வேண்டாம், முயன்றதைக் குறியுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பிள்ளையை அதே கேள்விகளோடு பாருங்கள். ஒப்பிட வேண்டியது அவனுடைய பழைய பக்கத்தோடு, பக்கத்தில் நிற்பவனோடு வேண்டாம்.

வளர்ச்சி நேர்கோட்டில் வராது. ஆறு மாதம் ஒன்றுமே நகராதது போலிருந்து, கோடை விடுமுறை முடிந்து வரும்போது வேறு ஆளாக வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. புதிதாக ஒன்றைக் கற்கும்போது பழையது தற்காலிகமாகக் கெடுவதும் சகஜம். இடது காலைப் பழகத் தொடங்கியவன் இரண்டு மாதம் அதிகமாகப் பந்தை இழப்பான். அந்த நேரத்தில் திட்டினால் வலது காலுக்கே ஓடிவிடுவான்.

என் பையன் குள்ளம். எந்தத் தேர்விலும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பிறந்த மாதத்தைப் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கினால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குத் தேர்வாக வருவார்கள். 9 வயதில் அந்த 11 மாதம் பெரிய வித்தியாசம். உலகெங்கும் இளையோர் அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தேர்வாளர் திறமை என்று நினைத்து உயரத்தை எடுக்கிறார்.

ஹாரி கேனை 8 வயதில் லண்டனின் ஆர்சனல் கிளப் அனுப்பிவிட்டது. பின்னாளில் இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஆன்டொய்ன் கிரீஸ்மானைச் சின்ன உருவம் என்று பிரெஞ்சு கிளப்புகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. ஸ்பெயினின் ரியல் சொசிடாட் எடுத்துக்கொண்டது, 2018இல் அவர் பிரான்சுக்காக உலகக் கோப்பை வென்றார். ஒதுக்கப்பட்டவர்கள் எல்லாரும் இப்படி ஆவதில்லை என்பதும் உண்மை. 10 வயதுத் தேர்வு எதையும் முடிவு செய்துவிடாது என்பதற்கு மட்டும் இவர்கள் சாட்சி.

பயிற்சியில் நீங்கள் செய்யக்கூடியது: மாதம் ஒருமுறை வயதை விட்டு உடல்வாகைப் பார்த்து அணி பிரியுங்கள். பெரியவன் வேகத்தை நம்ப முடியாமல் பாஸ் தேடுவான், சின்னவனுக்கு முதல்முறையாகப் பந்தை வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் 13 வயதில் திடீரென்று தடுமாறுகிறான். என்ன ஆயிற்று?

பெரும்பாலும் உயரம். பையன்கள் 13, 14 வயதை ஒட்டியும், பெண் பிள்ளைகள் அதற்கு இரண்டு வருடம் முன்பும் வேகமாக வளர்வார்கள். உச்ச வருடத்தில் 8 முதல் 10 சென்டிமீட்டர் கூடும். கால் நீண்டுவிட்டது, பழைய கணக்கில் ஓடுகிறான், பந்து காலில் சிக்காமல் போகிறது. மாதங்கள் எடுக்கும், சரியாகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரம் குறியுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் குதிப்பதையும் முழு வேக ஓட்டத்தையும் குறையுங்கள். இந்தப் பருவத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி வரும், அதற்குச் சற்று முன்பே சிலருக்குக் குதிகாலில் வரும். தசைநார் இழுக்கும் இடத்தில் எலும்பு இன்னும் இறுகாததே காரணம். சோம்பல் என்று நினைத்து ஓட வைத்தால் வாரத்தில் ஆறவேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். ஓய்வு, ஐஸ், குறையாவிட்டால் எலும்பு டாக்டர்.

வயதைக் குறைத்துக் காட்டிச் சேர்க்கலாமா? எல்லாரும் செய்கிறார்களே?

செய்யாதீர்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணக்கிடுகிறார்கள். மாட்டினால் பழி பிள்ளையின் தலையில். மாட்டாவிட்டாலும் இழப்புதான்: தன்னைவிடச் சின்னவர்களை உடம்பால் ஜெயித்துப் பழகியவன், சமவயதினரோடு ஆட வேண்டிய நாளில் வெறுங்கையோடு நிற்பான்.

பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஆட வைக்கலாமா?

12 வயது வரை தாராளமாக. பிறகு தனி அணி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பயிற்சியாவது தொடரட்டும். 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியனானது. 2019இல் மதுரை சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆகவே ‘பொண்ணுக்கு ஃபுட்பால்ல என்ன இருக்கு’ என்ற கேள்விக்குப் பதில் ஊரிலேயே இருக்கிறது.

பெண் பிள்ளைகள் நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டத்தில் இல்லை. மைதானத்தில் கழிவறை கிடையாது, பயிற்சி முடிய இருட்டிவிடுகிறது, வெள்ளை ஷார்ட்ஸ் தருகிறார்கள். கருநீல ஷார்ட்ஸ், 6 மணிக்குள் முடிவு, பூட்டுள்ள ஓர் அறை, ஒரு பெண் உதவியாளர். இவற்றை முதலில் பாருங்கள்.

வெயில், மழை?

ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 முதல் 7.30க்குள் முடியுங்கள், மாலையென்றால் 5க்கு மேல். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், தாகம் எடுக்கிறதா என்று கேட்காமலே. முகம் வெளிறி, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்று வந்தால் நிழல், ஜெர்சியைக் கழற்றி ஈரத்துணி, ஓ.ஆர்.எஸ் கரைசல். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்யுங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

பெற்றோர் ஓரத்தில் நின்று கத்துகிறார்கள். என்ன செய்வது?

‘ஷூட் பண்ணுடா!’ என்று அப்பா கத்தும்போது கோச் பாஸ் சொல்லியிருப்பார், பிள்ளை இரண்டும் இல்லாமல் நின்று பந்தை இழக்கும். பெற்றோருக்கு எதிர்ப்பக்கக் கோட்டில் இடம் ஒதுக்குங்கள், கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. கைதட்டலாம், பெயர் சொல்லி உத்தரவு போடக் கூடாது. அதிகம் கத்துகிறவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: தண்ணீர்ப் பொறுப்பு, நேரக்கணக்கு, கோட்டில் கொடி. கொடியைக் கையில் வாங்கியவர் ரெஃப்ரியைத் திட்டுவது குறையும். பேச வேண்டியதை மேட்ச் முடிந்த மறுநாள் போனில் பேசலாம் என்பதை விதியாக வையுங்கள்.

பயிற்சியாளருக்குப் படிப்பு, விதிகள் உண்டா?

அகில இந்தியக் கூட்டமைப்பில் டி, சி, பி, ஏ, புரோ என்று லைசென்ஸ் படிகள் உண்டு. பிள்ளைகளோடு வேலை செய்ய டி-யிலிருந்து தொடங்கலாம். அதைவிட அவசரமானது பாதுகாப்பு. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு தனியாக வண்டியிலோ அறையிலோ இருக்கக் கூடாது. பிள்ளையின் போனுக்குத் தனிச் செய்தி அனுப்பாமல் பெற்றோர் குழுவில் போடுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அடிப்பது, காதைத் திருகுவது, உடம்பைக் கேலி செய்வது கிடையாது. பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

பத்து வயதுப் பையனை வெளிநாட்டு கிளப் ட்ரையலுக்கு அழைத்துப்போவதாக ஒருவர் பணம் கேட்கிறார். நம்பலாமா?

கொடுக்காதீர்கள். 18 வயது நிறையாதவரை வேறு நாட்டு கிளப்புக்கு மாற்றிப் பதிவு செய்வதை ஃபிஃபா விதி தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு, உதாரணமாக ஃபுட்பாலுக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோர் அங்கே குடிபெயர்ந்திருந்தால். ஆகவே 10 வயதில் ‘ஸ்பெயினில் சேர்த்துவிடுகிறேன்’ என்பது நடக்காத காரியம். விமானச் செலவோடு ஒரு வார முகாம், கிளப்பின் ஜெர்சி, ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்த முகாமுக்குக் காசு கட்டுகிற யாரும் போகலாம்.

உள்ளூர் அகாடமி கேட்டாலும் முதலில் ஒரு பயிற்சியை ஓரமாக நின்று பாருங்கள். எத்தனை பந்து இருக்கிறது, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஆடத் தெரியாத பிள்ளையிடம் கோச் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்த பிறகு கட்டணத்தைக் கேளுங்கள்.